கலெக்டர் லீவு விட்டாச்சா?

மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு மாணவன்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். இப்படிப்பட்ட கட்டுரையை வழக்கமாக ஒரு குறளோடு ஆரம்பிக்க வேண்டும். நான் ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் நம் வகுப்பு, விடுதி, பஸ் ஸ்டாண்டு, டீக்கடை என்று எல்லா இடத்திலும் கேட்கும் ஒரே கேள்வி அது...

"மச்சான், கலெக்டர் லீவு விட்டாச்சா?"

மழை எத்தனை சென்டிமீட்டர் பெய்தது? தெரியாது. புயல் எங்கே நிற்கிறது? தெரியாது. ஆனால் பக்கத்து மாவட்டத்துக்கு லீவு விட்டு நமக்கு விடாத செய்தி மட்டும் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்! "பள்ளிகளுக்கு மட்டும் விடுமுறை" என்று வந்தால் போச்சு. "அப்போ பாலிடெக்னிக்காரன் என்ன மீனா, நீந்திக்கிட்டே காலேஜ் போக?" என்று ஒரே புலம்பல். முன்பெல்லாம் வானிலை மையத்து ரமணன் சார் டி.வி.யில் வந்தாலே பள்ளிப் பிள்ளைகள் கைதட்டுவார்களாம். அவர் 2016இல் ஓய்வு பெற்றுவிட்டார். நம் கேள்வி மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை!

இதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நானும் அதே கட்சிதான். அந்தக் கட்சியில் இருந்ததால் நான் செய்த ஒரு தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்ததும் போய்த் தொலையவில்லை. மறுநாளும் பல மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துகொண்டு ஊற்றியது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 செ.மீ.க்கும் மேல் மழை. நம் கடலூர் மாவட்டமும் தப்பவில்லை. ஞாயிறு சாயங்காலம் எங்கள் பக்கம் மழை குறைந்தது. டி.வி.யில் "புயல் வலுவிழந்தது" என்றார்கள். எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டோம்.

என் பெஞ்ச் நண்பன் ஒருவன் தென்பெண்ணைக் கரையோரத்து ஊர்க்காரன். பெயர் வேண்டாம். புயலுக்குப் பயந்து பரண்மேல் ஏற்றி வைத்திருந்த சாமான்களையெல்லாம் அன்று சாயங்காலமே அவன் வீட்டில் கீழே இறக்கிவிட்டார்கள். அரிசி மூட்டை, துணி மூட்டை, தங்கச்சியின் பிளஸ் டூ புத்தகங்கள், இவனுடைய சர்டிபிகேட் பை... "அதான் புயல் கடந்துடுச்சே!"

ஆனால் புயல் கடந்தது கரையைத்தான், மழையைக் கடக்கவில்லை. அது மேற்கே நகர்ந்து விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி என்று உள்ளே போய்ப் பெய்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ.! ஊத்தங்கரை எங்கே, கடலூர் எங்கே என்று கேட்காதீர்கள். அங்கே பெய்த மழை பாம்பாற்றில் விழுந்து, பாம்பாறு தென்பெண்ணையில் விழுந்து, சாத்தனூர் அணையில் வந்து நின்றது. அணையும் எவ்வளவு நேரம்தான் தாங்கும்?

அன்று ராத்திரி மணி பத்து இருக்கும். நான் போனைத் தடவிக்கொண்டு படுத்திருந்தேன். ஒரு செய்தி வந்தது. சாத்தனூர் அணைக்கு நீர்வரத்து கூடுகிறது, உபரி நீர் திறப்பு அதிகரிக்கப்படும், தென்பெண்ணைக் கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும் என்று. கண்ணால் பார்த்தேன். என் கட்டைவிரல் அதைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனது. ஏனென்றால் நான் தேடிக்கொண்டிருந்தது லீவு அறிவிப்பை! அதுவும் கிடைத்தது. "ஹையா!" என்று போர்த்திக்கொண்டு தூங்கினேன்.

திங்கள் விடியற்காலை அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் வெளியேறியது. ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள்... வினாடிக்கு 42 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரி என்றால், ஒவ்வொரு வினாடியும் 350 லாரி!

அந்தத் தண்ணீர் நண்பனின் ஊருக்கு வந்தபோது அங்கே மழை இல்லை. வானம் வெளுத்திருந்தது. அதனால்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. நடக்க முடியாத ஆயாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு பக்கத்து மாடி வீட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். உயிர்ச்சேதம் இல்லை, அதுவரைக்கும் புண்ணியம். ஆனால் இரண்டு ஆடு, கொல்லை மோட்டார், ஆயாவின் சர்க்கரை மருந்து, தங்கச்சியின் புத்தகங்கள், இவனுடைய டிராயிங் போர்டு, மினி டிராஃப்டர், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்... எல்லாம் போச்சு. முந்தின நாள் சாயங்காலம் வரை பரண்மேல் பத்திரமாக இருந்த பொருள்கள்!

ஒரு வாரம் கழித்து யாரோ கொடுத்த சட்டையில் காலேஜுக்கு வந்தான். என்னிடம் கேட்டான்: "ஏன்டா, தண்ணி வரப்போகுதுன்னு உனக்குக்கூடத் தெரியாதா? நீதான் எப்பவும் போன்லயே இருப்பியே?"

"தெரியாதுடா" என்றேன். பொய்.

அன்று ராத்திரி அவன் போனில் சார்ஜ் இருந்ததாம். அதையும் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரே ஒரு போன் கால்! "டேய், இறக்கின சாமானைத் திரும்ப மேலே ஏத்துடா" என்ற ஒரே ஒரு வாக்கியம்! இந்தக் கட்டுரையைப் படிக்கும்போதுதான் அவனுக்கே உண்மை தெரியப் போகிறது. மன்னிச்சிடுடா.

தப்பு எங்கே?

ஒரு காலத்தில் தகவல் கிடைக்காமலே மக்கள் செத்தார்கள். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடல் அப்படியே கொண்டு போனது. எதிரே என்ன வருகிறது என்று சொல்ல அந்த ரயிலுக்கு வழியில்லை. ஊரே அழிந்தது.

இன்று அப்படியா? வானத்தில் செயற்கைக்கோள் இருக்கிறது. சென்னையிலும் காரைக்காலிலும் டாப்ளர் ராடார் சுற்றுகிறது. அந்தப் படத்தை நாமே போனில் பார்க்கலாம். அடுத்த மூன்று மணி நேரத்துக்கு எந்த மாவட்டத்தில் இடி, மழை என்பதுவரை வானிலை மையம் சொல்லிவிடுகிறது. தகவல் டில்லியிலிருந்து சென்னைக்கு வருகிறது, சென்னையிலிருந்து மாவட்டத்துக்கு வருகிறது, மாவட்டத்திலிருந்து நம் சட்டைப்பைக்கே வந்துவிடுகிறது. அங்கேதான் நின்றுபோகிறது!

என் கருத்து இதுதான்: எச்சரிக்கை வராததைவிட, வந்த எச்சரிக்கையை நாம் படிக்காததும், படித்ததை அடுத்தவருக்குச் சொல்லாததும்தான் இன்றைக்குப் பெரிய ஆபத்து. இதைச் சரிசெய்யக் கோடி ரூபாய் திட்டம் வேண்டாம். கணக்குத் தெரிந்தவன் தெருவுக்கு ஒருவன் இருந்தால் போதும். அந்த ஒருவன் டிப்ளமோ படிக்கும் நாம் ஏன் இருக்கக் கூடாது?

எண்ணைப் படிக்கத் தெரியுமா?

"கனமழை பெய்யும்" என்று கேட்டால் நாம் என்ன நினைக்கிறோம்? நிறைய மழை! அவ்வளவுதான். ஆனால் அது கவிதை வார்த்தை அல்ல, அளவு வார்த்தை. காலை எட்டரை மணிக்கு அளக்கும்போது, முந்தைய 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை இருந்தால் கனமழை. 12 முதல் 20 செ.மீ. வரை மிக கனமழை. 21 செ.மீ.யும் அதற்கு மேலும் அதி கனமழை.

சரி, ஒரு சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு தண்ணீர்? ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். உங்கள் வீட்டு மொட்டை மாடி ஆயிரம் சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 செ.மீ. மழைக்கு அந்த மாடியில் மட்டும் விழும் தண்ணீர் ஏறக்குறைய 9,300 லிட்டர். ஒரு தெருவில் ஐம்பது வீடு... சாக்கடையோ ஒன்றரை அடி அகலம், அதிலும் பாதி பிளாஸ்டிக். தெரு ஏன் குளமாகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. தமிழ்நாட்டுக்கு ஒரு வருஷம் முழுக்கச் சராசரியாகக் கிடைக்கும் மழையை ஒட்டிய அளவு அது. ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது! திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு, சுமார் 800 பயணிகள் தவித்ததை டி.வி.யில் பார்த்தோமே, அந்த மழைதான். அதற்குப் பெயர் வைத்தார்களா? இல்லை. ஏனென்றால் அது புயலே இல்லை!

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். புயலுக்குப் பெயரும் பட்டமும் காற்றின் வேகத்தை வைத்துத்தான். மணிக்கு 31 முதல் 49 கி.மீ. காற்று என்றால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62ஐத் தொட்டால் புயல், பெயர் வந்துவிடும். 89ஐத் தொட்டால் தீவிரப் புயல். காற்றுக்கு இப்படிப் பட்டம் கொடுக்கிறோம். தண்ணீருக்குப் பட்டம் இல்லை. ஃபெஞ்சல் இந்தக் கணக்கில் வெறும் 'புயல்'தான், தீவிரப் புயல்கூட இல்லை. ஆனால் அது விட்டுப்போன தண்ணீர் என்ன செய்தது என்று தென்பெண்ணைக் கரையில் கேளுங்கள். ஆகவே, "புயலா, இல்லையா?" என்பதோடு நிறுத்தாமல், "எத்தனை சென்டிமீட்டர்? எந்த ஆற்றின் தலைமாட்டில்?" என்று கேட்கப் பழக வேண்டும். நம் ஊர் வானிலை என்பது நம் தலைக்கு மேலே இருக்கும் வானம் மட்டுமல்ல. நம் ஆறு எங்கிருந்து வருகிறதோ அங்கே இருக்கும் வானமும் நம் வானம்தான்.

நிறங்களும் அப்படித்தான். பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு. ஆரஞ்சு என்றால் தயாராகு. சிவப்பு என்றால் செயல்படு. சிவப்பு என்றால் லீவு என்று அர்த்தம் அல்ல, நண்பர்களே!

இன்னொன்று. செய்தியைப் படிக்கும்போது அது எத்தனை மணிச் செய்தி என்று பாருங்கள். ஃபெஞ்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 28ஆம் தேதி அது புயலாக மாற வாய்ப்பில்லை என்றார்கள். 29ஆம் தேதி புயலாகிவிட்டது. வானிலை மையம் பொய் சொல்லவில்லை. வானம் மாறியது, அவர்களும் மாற்றிச் சொன்னார்கள். முதல் நாள் செய்தியை மறுநாளும் வாட்ஸ்ஆப்பில் சுற்றவிட்டது நாம்தான்.

பதினோராம் எண் கூண்டு

கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று செய்தி வரும். ஒன்றாம் எண், மூன்றாம் எண் என்பார்கள். அது என்ன எண் என்று கேட்டால், "அதிகமா இருந்தா அதிக ஆபத்து" என்போம். ஓரளவு சரி. 1, 2 என்றால் புயல் சின்னம் தூரத்துக் கடலில். 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5, 6, 7 ஆபத்து. 8, 9, 10 பெரும் ஆபத்து.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது, 11. பத்தாம் எண்ணே பெரும் ஆபத்து என்றால் பதினொன்று என்ன? பயங்கரப் புயலா? இல்லை. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம்!

இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் யோசித்தேன். அந்தக் காலத்தில் இதை வகுத்தவர்கள் பெரிய அனுபவசாலிகளாக இருந்திருக்க வேண்டும். எவ்வளவு பெரிய புயலாக இருந்தாலும் பத்துக்குள் அடக்கிவிட்டார்கள். 'ஒன்றும் தெரியவில்லை' என்பதை அதற்கும் மேலே வைத்தார்கள்.

2017 நவம்பர் 30 ஒக்கி புயலில் குமரி மாவட்ட மீனவர்களுக்கு நடந்தது அதுதான். புயல் உருவாகும் முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டவர்களுக்கு எச்சரிக்கை எட்டவே இல்லை. எத்தனை குடும்பங்கள் கரையில் நின்று காத்திருந்தன! அங்கே தொடர்பை அறுத்தது தூரம். எனக்கும் என் நண்பனுக்கும் நடுவில் அன்று ராத்திரி தூரமும் இல்லை, டவர் பிரச்சினையும் இல்லை. ஆனாலும் பதினோராம் எண் கூண்டு ஏறித்தான் இருந்தது. ஏற்றியது என் கட்டைவிரல்.

"சொன்னா நடக்கவா போகுது?"

இந்த இடத்தில் சிலர் சண்டைக்கு வருவார்கள். "போய்யா, இவங்க மழைன்னு சொன்னா வெயில் அடிக்கும்!" என்பார்கள். 2024 அக்டோபரில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தார்கள். வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் காரை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தாழ்வு மண்டலம் கொஞ்சம் வடக்கே ஒதுங்கியது, எதிர்பார்த்த மழை பெய்யவில்லை. உடனே எத்தனை கிண்டல்! எத்தனை மீம்ஸ்!

நான் கேட்கிறேன், அதில் அவர்களுக்கு என்ன நஷ்டம்? கொஞ்சம் பெட்ரோல், இரண்டு நாள் நடை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையில் காரை முழுக விட்டவர்களின் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபியூஸ் ஒரு வருஷமாக எரியவில்லை என்பதற்காக யாராவது ஃபியூஸைக் கழற்றி எறிவோமா? எச்சரிக்கையும் அப்படித்தான். பத்து தடவை வீணானாலும் பதினோராவது தடவைக்காக அது இருக்க வேண்டும்.

கேட்டு நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒடிசா சாட்சி. 1999 அக்டோபர் 29இல் வந்த சூப்பர் புயலில் அங்கே ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013 அக்டோபர் 12இல் அதே கடற்கரைக்குப் பைலின் புயல் வந்தது. இந்த முறை முன்கூட்டியே சுமார் பத்து லட்சம் பேரை அப்புறப்படுத்தினார்கள். இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. பைலினும் லேசுப்பட்ட புயல் அல்ல. ஆனால் இந்த முறை எச்சரிக்கை வீட்டு வாசல் வரை போனது. வீட்டு வாசலைத் தட்ட ஆள் இருந்தது.

நம் படிப்பு எதற்கு?

"அதெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கும்" என்று சொல்லாதீர்கள். அரசாங்கத்துக்கு உங்கள் தெருவில் எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார் என்று தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதோடு, நாம் சும்மா ஆள் இல்லை. ஆளுக்கொரு தொழில் படிக்கிறோம்.

சிவில் நண்பர்களே! ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி என்று ஒரு விதித்தொகுப்பு உண்டு. காற்றின் வேகத்தை வினாடிக்கு மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரில் விழும் அழுத்தம் நியூட்டனில் வரும். மணிக்கு 90 கி.மீ. என்றால் வினாடிக்கு 25 மீட்டர், அழுத்தம் 375 நியூட்டன். பத்தடிக்கு மூன்றடி தகரம் ஒன்றின்மேல் நூறு கிலோவுக்கும் அதிகமான விசை! வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. துருப்பிடித்த ஜே போல்ட் இரண்டு அதைத் தாங்குமா? புரட்டாசியிலேயே நம் வீட்டு ஷீட்டில் ஏறி ஒவ்வொரு போல்ட்டையும் பாருங்கள். இன்னொன்று, சர்வே பிராக்டிகலில் ஆட்டோ லெவல் பிடிக்கக் கற்றுக்கொண்டோமே, அதைக் காலேஜ் கிரவுண்டோடு நிறுத்த வேண்டுமா? நம் தெருவுக்கு லெவல் எடுத்தால் முதலில் மூழ்கும் வீடு எது என்று மழைக்கு முன்பே சொல்லலாம்.

எலக்ட்ரிகல் நண்பர்களே! தண்ணீர் வாசலுக்கு வரும் முன்பே மெயினை ஆஃப் பண்ணச் சொல்லுங்கள். அறுந்து கிடக்கும் கம்பி, போஸ்டின் ஸ்டே கம்பி எதையும் தொட விடாதீர்கள். மின்சாரப் புகாருக்கு 94987 94987. கரண்ட் இல்லாதபோது வாடகை ஜெனரேட்டரைக் கொண்டுவந்து நேராக வீட்டு லைனில் கொடுக்கிறார்களே, அது எவ்வளவு ஆபத்து என்று நமக்குத்தான் தெரியும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாவிட்டால் அந்தக் கரண்ட் பின்பக்கமாக ஏறி, டிரான்ஸ்பார்மர் வழியாகப் போய், எங்கோ போஸ்ட்டில் வேலை செய்யும் லைன்மேனைக் கொன்றுவிடும். நமக்காக மழையில் போஸ்ட் ஏறியவர் அவர்!

மெக்கானிக்கல் நண்பர்களே! அந்த ஜெனரேட்டரை மூடிய அறைக்குள் ஓட்டக் கூடாது, புகை ஆளைக் கொல்லும் என்று சொல்ல வேண்டியது நீங்கள். மூழ்கிய பைக்கை ஆர்வக்கோளாறில் உதைக்காதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தோட்டத்து மோட்டாரை முந்தின நாளே கழற்றி மேட்டில் வைக்க உங்களுக்கு ஒரு மணி நேரம் போதாதா? என் நண்பன் வீட்டு மோட்டாருக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை.

எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களே! 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு நாகை, தஞ்சை, புதுக்கோட்டைக் கிராமங்கள் பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தன. கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் போகும், நம் ஸ்மார்ட் போன் வெறும் கண்ணாடித் துண்டு. அப்போது பேசுவது இரண்டு பேட்டரி போட்ட டிரான்சிஸ்டர் ரேடியோதான். வீட்டில் ரிப்பேராகிக் கிடக்கும் ரேடியோவை எடுத்துச் சரிசெய்து வையுங்கள். சிக்னல் குறைவாக இருக்கும்போது கால் போகாவிட்டாலும் எஸ்.எம்.எஸ். போய்ச் சேரும் என்று வீட்டில் சொல்லிக் கொடுங்கள்.

கம்ப்யூட்டர் நண்பர்களே! உங்களுக்குத்தான் அதிக வேலை. "அணை உடைஞ்சிடுச்சு" என்று எந்த வருஷத்து வீடியோவோ சுற்றும்போது, இது பழசு என்று முதலில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். வகுப்பில் எல்லோருடைய சர்டிபிகேட்டும் டிஜிலாக்கரில் இருக்கிறதா என்று பாருங்கள். சச்சேத், மௌசம், டி.என். அலர்ட் செயலிகளை உங்கள் அம்மா அப்பா போனிலும் ஏற்றிக் கொடுங்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. இந்த இரண்டு எண்ணையும் சுவரில் எழுதி வையுங்கள். போன் செத்தாலும் சுவர் சாகாது.

பேரவைக்கு ஒரு கோரிக்கை

நம் மாணவர் பேரவை விளையாட்டு விழா நடத்துகிறது, கலை விழா நடத்துகிறது. நல்ல விஷயம். கூடவே இதையும் செய்யட்டும்.

ஒன்று: அக்டோபர் முதல் டிசம்பர் வரை நோட்டீஸ் போர்டில் தினமும் வானிலை அறிக்கையை எழுத வேண்டும். எத்தனை மணி அறிக்கை என்பதும் அதில் இருக்க வேண்டும். மழை சென்டிமீட்டரில், அணை நீர்மட்டம் அடியில், திறந்துவிடும் தண்ணீர் கன அடியில். ஒவ்வொரு நாள் ஒவ்வொரு வகுப்பு எழுதட்டும்.

இரண்டு: ஒவ்வொரு வகுப்பிலும் ஆற்றங்கரை, கடற்கரை, ஏரிக்கரை ஊர்க்காரர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல். மேட்டு நிலத்துக்காரன் ஒருவன் ஒரு பள்ளத்து நண்பனுக்குப் பொறுப்பு. எச்சரிக்கை வந்தால் மெசேஜ் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. போன் பண்ண வேண்டும். அவன் எடுத்து "சரிடா" என்று சொல்லும்வரை பண்ண வேண்டும்.

மூன்று: விடுதியில் ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு டார்ச், முதலுதவிப் பெட்டி. தண்ணீர் ஏறினால் எந்த மாடிக்குப் போவது, மெயின் சுவிட்ச் அறைச் சாவி யாரிடம் என்பது ஒவ்வொரு விடுதி மாணவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இப்போது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே தெரியாது, கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான்கு: 2024இல் நம் ஊர்களில் தண்ணீர் எதுவரை வந்ததோ அங்கே சுவரில் ஒரு பெயின்ட் கோடு. பெஞ்ச் மார்க் என்று படிக்கிறோமே, அதுதான். மறதிக்கு மருந்து அது. அடுத்த தடவை "இங்கெல்லாம் தண்ணி வராது" என்று யாராவது சொன்னால், அந்தக் கோடு பதில் சொல்லும்.

இதில் எதற்கும் பெரிய செலவு இல்லை. எறும்புகூட மழைக்கு முன்னால் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போகிறது. அதுவும் தனியாகப் போவதில்லை, வரிசையாகப் போகிறது.

கடைசியாக ஒன்று. வரும் கார்த்திகையிலும் மழை வரும். நாமும் அதே கேள்வியைக் கேட்போம், கேட்காமல் இருக்க முடியாது! தாராளமாகக் கேளுங்கள். "கலெக்டர் லீவு விட்டாச்சா?" என்று கேட்ட கையோடு, ஆற்றங்கரை நண்பனுக்கு ஒரு போன் போட்டு இதையும் கேளுங்கள்:

"டேய், உங்க ஊர்ப் பக்கம் தண்ணி எப்படிடா இருக்கு? சாமானை மேலே ஏத்திட்டியா?"

நான் கேட்காமல் விட்ட கேள்வி அது. நீங்களாவது கேளுங்கள்.